ஏழாம் நம்பர் கம்ப்யூட்டருக்கு என்ன நோய்?

 

நம் பள்ளி கம்ப்யூட்டர் லேபில் ஜன்னல் ஓரமாக இருக்கும் ஏழாம் நம்பர் சிஸ்டத்தை உங்களில் பலருக்குத் தெரியும். போன மாதம் வரை அதற்கு 'பேய் சிஸ்டம்' என்று பெயர். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று 'டப்'! திரை கறுப்பாகிவிடும். நான் டைப் செய்த சி ப்ளஸ் ப்ளஸ் புரோகிராம் இரண்டு முறை அப்படியே போய்விட்டது. இரண்டாம் முறை அறுபது வரி. அழுகையே வந்துவிட்டது.

இந்தக் கட்டுரையை எழுத இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தானாக நின்றுபோகும் கம்ப்யூட்டரை எப்படிச் சோதிப்பது என்று நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது காரணம் கொஞ்சம் கஷ்டமானது. இந்த விஷயத்தில் நான் ஒரு தம்பிமேல் அநியாயமாகப் பழி போட்டேன். பழியை லேபில் எல்லார் முன்னாலும் போட்டேன். அதனால் திருத்தத்தையும் எல்லாரும் படிக்கிற இந்தச் சுவரிலேயே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன் கம்ப்யூட்டர் மன்றத்தில் இருந்தான். ஒரு நாள் மாலை ஏழாம் நம்பரில் பென் டிரைவ் போட்டு, அறிவியல் கண்காட்சிக்காக ஏதோ படம் காப்பி செய்தான். அடுத்த நாள் நான் உட்கார்ந்தபோது சிஸ்டம் நின்றது. எனக்கு வந்த கோபத்தில், "நீதான்டா வைரஸ் ஏத்திட்டே!" என்று சத்தம் போட்டேன். "இல்லக்கா, நான் படம் மட்டும்தான் எடுத்தேன்" என்றான். யாரும் கேட்கவில்லை.

ஆன்டிவைரஸ் ஸ்கேன் போட்டோம். இருபது நிமிடம் ஓடியது. ஸ்கேன் நடக்கும்போதே சிஸ்டம் நின்றது. மறுபடி போட்டோம். மறுபடியும் நின்றது. "பார்த்தியா, வைரஸ் தன்னைக் கண்டுபிடிக்க விடாம ஆஃப் பண்ணுது!" என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அந்தத் தம்பி அதற்குப் பிறகு மன்றத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று முடிவு செய்து சாரிடம் போனோம். சார் கேட்டது ஒரே கேள்விதான். "எப்ப எப்ப நின்னுச்சு? எழுதி வச்சிருக்கீங்களா?"

இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை.

"டாக்டர்கிட்ட போனா காய்ச்சல் எப்ப வந்துச்சு, எத்தனை நாளா இருக்குன்னுதானே முதல்ல கேப்பார்? எடுத்ததும் ஆபரேஷன் பண்ணிடுவாரா?" என்றார். நோய் எது, அது வந்த காரணம் எது, தணிக்கும் வழி எது என்று பார்த்து, பிறகு மருத்துவம் செய்யச் சொல்கிறார் வள்ளுவர். 'மருந்து' அதிகாரத்தில் நாம் எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான். மார்க்குக்காகப் படித்ததை கம்ப்யூட்டருக்குப் பயன்படுத்த எனக்குத் தோன்றவே இல்லை.

பாடம் 1: 'நின்னுபோச்சு' என்று சொல்லாதே, 'எப்படி நின்றது' என்று சொல்

நாம் எல்லாவற்றுக்கும் 'ஆஃப் ஆயிடுச்சு' என்ற ஒரே வார்த்தையைச் சொல்கிறோம். ஆனால் கம்ப்யூட்டர் நிற்பதில் நான்கு வகை உண்டு என்று சார் கரும்பலகையில் எழுதினார்.

1. ஒயரைப் பிடுங்கியது போல ஒரே நொடியில் அணைந்து, அப்படியே கிடப்பது. இதற்குப் பெரும்பாலும் சூடு அல்லது மின்சாரம் தொடர்பான கோளாறு காரணமாக இருக்கும்.

2. அணைந்து, தானாகவே மறுபடி ஸ்டார்ட் ஆவது. மின்சாரம் ஒரு கணம் தடுமாறினாலும் இப்படி ஆகும். விண்டோஸுக்குள் பெரிய பிழை வந்தாலும் ஆகும்.

3. நீலத் திரை வந்து, ஏதோ எழுத்துகளைக் காட்டிவிட்டு நிற்பது. இதற்கு டிரைவர், ரேம், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

4. படம் அப்படியே உறைந்துபோவது. மவுஸ் நகராது, ஆனால் ஃபேன் ஓடும். இதை 'ஹேங்' என்கிறோம்.

இந்த நான்கையும் பிரித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் குழப்பம் வரலாம். ஏனென்றால் நீலத் திரை வந்த உடனே விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். நமக்குப் படிக்க நேரமே இருக்காது. அதை நிறுத்த ஒரு வழி உண்டு. 'திஸ் பிசி' மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராபர்ட்டீஸ்' போய், 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்பதில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி' பகுதியைத் திறக்க வேண்டும். அங்கே 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் நீலத் திரை நின்று நிதானமாகக் காட்டும். அதில் இருக்கும் 'ஸ்டாப் கோட்' என்ற பெயரை எழுதிக்கொள்ளலாம்.

ஏழாம் நம்பரில் டிக்கை எடுத்த பிறகும் நீலத் திரை ஒரு தடவைகூட வரவில்லை. விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு குறிப்பேடு இருக்கிறது. அதைத் திறந்தால் 'கெர்னல் பவர் 41' என்று வரிசையாக இருந்தது. நான் துள்ளிக் குதித்தேன். "சார், காரணம் கிடைச்சிடுச்சு!" சார் சிரித்தார். "அது காரணம் இல்லம்மா. 'என்னை முறைப்படி ஷட் டவுன் பண்ணல, திடீர்னு நின்னுட்டேன்'னு சிஸ்டம் புகார் பண்ணுது. யார் நிறுத்தினாங்கன்னு அதுக்கே தெரியாது."

பாடம் 2: நாற்பது பக்க நோட்டு

சார் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார். ஏழாம் நம்பர் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். ஐந்து கட்டம் போட்டோம்: தேதியும் நேரமும், ஆன் செய்து எத்தனை நிமிடம் ஆச்சு, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, எந்த வகையில் நின்றது, உடனே திரும்ப ஆன் ஆனதா.

ஒரு வாரத்தில் பதினோரு வரி சேர்ந்தது. வீட்டில் உட்கார்ந்து இரண்டு கலர் ஸ்கெட்சால் அடிக்கோடு போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, 'எப்ப வேணும்னாலும் நிக்குது' என்று நாங்கள் சொன்னது பொய். அதற்குக் கணக்கு இருந்தது. ஒன்று அல்ல, இரண்டு கணக்கு!

சிவப்புக் கோடு போட்டவை ஏழு. எல்லாம் ஆன் செய்து இருபது நிமிடத்துக்கு மேல். எல்லாம் வீடியோ, ஸ்கேன் போன்ற கனமான வேலை நடக்கும்போது. நிற்பதற்கு முன் சிஸ்டம் மெதுவாக இழுத்துக்கொண்டு ஓடும். நின்றபின் உடனே ஆன் செய்தால் சில நொடியில் மறுபடி அணைந்துவிடும். பத்து நிமிடம் விட்டால் நன்றாக ஓடும்.

பச்சைக் கோடு போட்டவை நான்கு. ஆன் செய்து எத்தனை நிமிடம் என்பதில் ஒழுங்கே இல்லை. ஒரு தடவை வெறும் நோட்பேட் மட்டும்தான் திறந்திருந்தது. நின்றதும் தானாகவே ரீஸ்டார்ட் ஆனது.

"ரெண்டு நோய் ஒரே உடம்புல" என்றார் சார். "ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா பேய் மாதிரிதான் தெரியும். ஒவ்வொண்ணா பிரிச்சுப் பிடிப்போம்."

பாடம் 3: முதல் நோய் சூடு

ப்ராசஸர் வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை எடுக்க அதன் மேல் அலுமினியப் பட்டைகள் கொண்ட ஹீட் சிங்க்கும், அதன்மேல் ஒரு ஃபேனும் இருக்கும். இன்றைய ப்ராசஸர்கள் பலவற்றுக்கு எல்லை ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கினால் ப்ராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால், கருகிப் போகாமல் இருக்க மின்சாரத்தையே துண்டித்துவிடும். அதாவது, 'டப்' என்று நிற்பது கம்ப்யூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. இழுத்துக்கொண்டு ஓடிப் பிறகு நின்றதன் அர்த்தம் இதுதான்.

சந்தேகம் வந்தால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். சார் பைசா செலவில்லாத சோதனை ஒன்று சொன்னார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, எதிரே ஒரு டேபிள் ஃபேன் வைத்தோம். வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஒன்றையும் ஓடவிட்டோம். அதே ஆன்டிவைரஸ் ஸ்கேனை மறுபடி போட்டோம்.

இருபது நிமிடம் போனது. முப்பது நிமிடம் போனது. நிற்கவில்லை! ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி ஸ்கேன் முழுதாக முடிந்தது. திரையில் வந்த விடை: வைரஸ் எதுவும் இல்லை.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்கேன் செய்யும்போது நின்றதால் வைரஸ் என்று சொன்னேன். ஆனால் ஸ்கேன் செய்வது ப்ராசஸருக்குக் கனமான வேலை. அதனால் சூடு ஏறி நின்றிருக்கிறது. எதை அந்தத் தம்பிக்கு எதிரான சாட்சி என்று நினைத்தேனோ, அது சூட்டுக்குத்தான் சாட்சி. ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் நடந்தால், நமக்குப் பிடித்த காரணத்தை ஒட்டவைத்துவிடக் கூடாது.

டேபிள் ஃபேனை எடுத்துவிட்டு, தகட்டை மூடி மறுபடி ஸ்கேன் போட்டோம். எண் ஏறி ஏறி 99-ஐத் தொட்டு நின்றது, சிஸ்டம் இழுத்தது, 'டப்'. சந்தேகம் உறுதியானது.

பிறகு சார் திறந்து காட்டினார். ஹீட் சிங்க் பட்டைகளுக்கு நடுவே தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. ஜன்னல் ஓரம் ஆனதால் மைதானத்துப் புழுதி முழுக்க ஏழாம் நம்பருக்குத்தான். இன்னொன்றும் கண்டுபிடித்தோம். ஹீட் சிங்க்கை மதர்போர்டோடு பிடிக்கும் நான்கு முளைகளில் ஒன்று சரியாக அமராமல் தூக்கிக்கொண்டு இருந்தது. நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது.

ஃபேன் இறக்கையை ஒரு பென்சிலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் தூசியை ஊதினோம். பிடிக்காவிட்டால் ஃபேன் அளவுக்கு மீறிச் சுழன்று கெட்டுப்போகலாம். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, ஒரு பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து, நான்கு முளையும் 'டிக்' என்று அமரும்படி அழுத்தினார் சார். அதே ஸ்கேன், மூடிய பெட்டி. இந்த முறை 66 டிகிரியைத் தாண்டவில்லை.

பாடம் 4: இரண்டாம் நோய்

எல்லாரும் கை தட்டினோம். மூன்றாம் நாள் ஏழாம் நம்பர் மறுபடி ரீஸ்டார்ட் ஆனது! நோட்டு மட்டும் இல்லையென்றால், 'சூடு இல்ல போல' என்று முதலிலிருந்து ஆரம்பித்திருப்போம். ஆனால் பச்சைக் கோடு இன்னும் பாக்கி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

பச்சைக் கோட்டின் நேரங்களைப் பாருங்கள்: 10.50, 2.40, 10.55, 10.50. "அந்த நேரத்துல லேபுக்கு வெளியே என்ன நடக்குது?" என்று சார் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் 10.50-க்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் தாத்தா தண்ணீர் மோட்டார் போட்டார். லேபில் ட்யூப்லைட் ஒரு தடவை மங்கி எரிந்தது. யு.பி.எஸ். 'டக்' என்றது. ஏழாம் நம்பர் ரீஸ்டார்ட் ஆனது!

"அப்ப யு.பி.எஸ். கெட்டுப்போச்சு சார்" என்றேன். "அவசரப்படாதே. அதே யு.பி.எஸ்.லதானே எட்டாம் நம்பரும் இருக்கு? அது ஏன் நிக்கல?" என்று திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி. பக்கத்தில் நன்றாக ஓடும் ஒரு சிஸ்டம் இருந்தால் அதுதான் நமக்கு அளவுகோல்.

இனிமேல் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தோம். முதலில் யு.பி.எஸ்.ஸில் ஏழும் எட்டும் செருகியிருந்த இடத்தை மாற்றினோம். மோட்டார் போட்டதும் நின்றது ஏழுதான். பிறகு பவர் கேபிளை மாற்றினோம். அப்போதும் ஏழுதான். ஆக, கோளாறு பெட்டிக்கு உள்ளே இருக்கிறது. மிச்சம் இருந்த முக்கியச் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவதுதான் எஸ்.எம்.பி.எஸ். மல்டிமீட்டரில் சார் அளந்தபோது மஞ்சள் ஒயர் 11.9 வோல்ட் காட்டியது. 11.4-லிருந்து 12.6 வரை சரி என்பதால் அது பாஸ். அப்புறம் என்ன?

விடை நேரத்தில் இருக்கிறது. கரண்ட் தடுமாறும்போது இந்த மாதிரி சிறிய யு.பி.எஸ். பேட்டரிக்கு மாற சில மில்லிநொடி ஆகும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரைத் தாங்குவது எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர். நல்ல எஸ்.எம்.பி.எஸ். 16, 17 மில்லிநொடி வரை தாங்க வேண்டும். வயதான கெப்பாசிட்டரால் அவ்வளவு நேரம் தாங்க முடியாது. மல்டிமீட்டர் முள்ளோ எண்ணோ அந்தச் சின்ன இறக்கத்தைக் காட்டாது. அதனால்தான் அளந்தால் சரியாக இருக்கிறது, மோட்டார் போட்டால் நிற்கிறது.

மதர்போர்டு போய் ஓரமாகக் கிடந்த மூன்றாம் நம்பரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை சார் ஏழாம் நம்பருக்கு மாட்டினார். இரண்டு நாள், நான்கு தடவை மோட்டார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் நோட்டை மூடப் போனேன். "இரு, இன்னும் முடியல" என்று சொல்லி, சார் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மறுபடி மாட்டினார். அன்று 2.40-க்கு மோட்டார், 'டக்', ரீஸ்டார்ட். "இப்பதான் நிரூபணம்" என்றார். பிறகு நல்லதையே மாட்டிவிட்டார்.

உங்கள் வீட்டு கம்ப்யூட்டர் தானாக நின்றால்

1. முதல் வேலை, முக்கியமான ஃபைல்களை பென் டிரைவில் காப்பி எடுங்கள். அடிக்கடி 'கன்ட்ரோல் எஸ்' அழுத்துங்கள். என் அறுபது வரி போனதற்குக் கம்ப்யூட்டர் பாதிக் காரணம், சேவ் செய்யாத நான் மீதிக் காரணம்.

2. நோட்டு போடுங்கள். மேலே சொன்ன ஐந்து கட்டம் போதும்.

3. சுலபமானதை முதலில் பாருங்கள். பவர் கேபிள் இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா? ப்ளக் பாயின்ட் சூடாகிறதா? ஆன் செய்த நான்கைந்து நொடியிலேயே அணைந்தால் முன்பக்க பட்டன் உள்ளே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டனை நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் சிஸ்டம் தானாக அணையும்.

4. நேரம் ஆக ஆக நின்றால் டேபிள் ஃபேன் சோதனை செய்யுங்கள்.

5. நீலத் திரை வந்தால் ஸ்டாப் கோடை எழுதிக்கொள்ளுங்கள். அண்மையில் புதிதாகப் போட்ட டிரைவர், மென்பொருள் எது என்று யோசியுங்கள். ரேமைச் சோதிக்க விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கிறது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றி ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பார்க்கலாம்.

6. கம்ப்யூட்டரின் தேதி, நேரம் அடிக்கடி பின்னோக்கிப் போனால் மதர்போர்டில் உள்ள வட்டமான 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். ஆனால் ஓடும்போது நிற்பதற்கு அதைக் காரணம் சொல்லாதீர்கள்.

எச்சரிக்கை! பெட்டியைத் திறக்கும் முன் ப்ளக்கை முழுதாகப் பிடுங்குங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். சார் அதை மொத்தமாகத்தான் மாற்றினார், திறக்கவில்லை.

உங்களுக்குத் தெரியுமா?

1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்ற கணிப்பொறி பிழை செய்தது. பிரித்துப் பார்த்தவர்கள் ஒரு ரிலேயில் அந்துப்பூச்சி சிக்கியிருப்பதைக் கண்டார்கள். அந்தப் பூச்சியை நோட்டிலேயே ஒட்டி, நேரத்தையும் எழுதி வைத்தார்கள். அந்த நோட்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தீர்களா, அவர்களும் நோட்டுதான் போட்டிருக்கிறார்கள்!

கடைசியாக

ஏழாம் நம்பர் இப்போது நன்றாக ஓடுகிறது. விண்டோஸை அழிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்களின் ஃபைல்கள் அதில்தான் இருந்தன. நாங்கள் நினைத்தபடி அவசரப்பட்டு அழித்திருந்தால் அவையும் போயிருக்கும், நோயும் தீர்ந்திருக்காது.

ஒன்பதாம் வகுப்புக்குப் போய் அந்தத் தம்பியிடம் நோட்டைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். பதினோரு வரியையும் பொறுமையாகப் படித்தான். "அக்கா, முதல் வரியே நான் பென் டிரைவ் போட்ட அப்புறம்தானே இருக்கு. அதுக்கு முன்னாடி நிக்கவே இல்லையா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முன்பும் நின்றிருக்கிறது. என் முதல் புரோகிராம் போனது அவன் பென் டிரைவ் போடுவதற்கு ஒரு வாரம் முன்னால். கோபத்தில் அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன்.

இந்த வாரம் அவன் மறுபடி மன்றத்துக்கு வந்துவிட்டான். நோட்டு இப்போது அவன் பொறுப்பில் இருக்கிறது. உங்கள் வகுப்பு லேபுக்கு வரும்போது ஏதாவது சிஸ்டம் நின்றால் சத்தம் போடாதீர்கள். அவனிடம் நோட்டை வாங்கி, எந்த வகையில் நின்றது என்று ஒரு வரி எழுதுங்கள்.

யோசித்துப் பாருங்கள்: ஒரு கம்ப்யூட்டர் மழை நாளில் நிற்பதே இல்லை, வெயில் நாளில் மட்டும் மதியம் நிற்கிறது. என்ன சோதனை செய்வீர்கள்? விடையை எழுதி சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்கள். சரியான விடைகள் அடுத்த இதழில்.

இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு மாணவி,
கணினி அறிவியல் பிரிவு